மருந்தும் உணவும்: என்புருக்கி நோயர்க்கான ஊட்டநெறி

என்புருக்கி நோய் என்பது, மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிசு என அறிவியலார் பெயரிட்ட கோல்வடிவ நுண்ணுயிரியால் உண்டாகி, நோயுற்றோர் இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளின் வழியே காற்றில் பரவி, பெரும்பாலும் நுரையீரலையும், சிலர்க்கு நிணநீர்க் கணு, எலும்பு, மூளையுறை முதலிய பிற உறுப்புகளையும் பற்றும் தொற்றுநோயாகும். மக்கள் வழக்கில் காசநோய் எனப்படுவது இதுவே. இராபர்ட்டு கோக் என்னும் செருமானிய அறிஞர் இக்கோலுயிரியைக் கண்டறிந்த செய்தியை 1882-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். அறிவித்து ஒன்றரை நூற்றாண்டு நெருங்கும் இக்காலத்தும், உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1.08 கோடிப் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 12,50,000 பேர் உயிர்நீத்தனர். நோயுற்ற அனைவருள்ளும் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்துகள் நம்மிடம் உள்ளன. ஆயினும் மருந்து தொடங்கிய பின்னரும் பலர் இறக்கின்றனர். பிழைத்தோருள் பலர் மெலிந்த உடலோடே எஞ்சுகின்றனர். இவ்விடைவெளியை நிரப்புவதே ஊட்டத் துணை. நோயரின் உடல்நிலையை அளந்தறிந்து, அவர்க்கு வேண்டிய ஆற்றலும் புரதமும் நுண்ணூட்டங்களும் இவ்வளவு என வகுத்து, அவற்றை அவர் உண்ணத்தக்க உணவாகக் கைக்கு எட்டச் செய்து, அதன் பயனை மீண்டும் அளந்தறியும் முறையான மருத்துவச் செயலே ஊட்டத் துணை என்று வரையறுக்கலாம். அளத்தல், வகுத்தல், அளித்தல், மீள அளத்தல் என இதற்கு உறுப்புகள் நான்கு. இவற்றுள் அளித்தல் ஒன்றை மட்டும் செய்வது ஈகையாகும். நான்கையும் ஒருசேரச் செய்வதே மருத்துவமாகும். இவ்வேறுபாட்டை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊட்டக்குறைவும் நோயும்

கோலுயிரி உடலுள் புகுதல் வேறு. நோய் தோன்றுதல் வேறு. உலக மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இத்தொற்றைப் பெற்றவர் என்பது கணிப்பு. அவருள் நூற்றுக்கு ஐவர் முதல் பதின்மர் வரையிலானோரே தம் வாழ்நாளில் நோயுறுகின்றனர். எஞ்சியோர் உடலில், விழுங்கு கலங்கள் எனப்படும் காவற்கலங்கள் கோலுயிரியைத் தம்முள் அடக்கிக்கொள்ள, அவற்றைச் சூழ்ந்து நிணநீர்க் கலங்கள் திரள, குறுமணித் திரள் என்னும் அமைப்பு உருவாகி நோயை எல்லைக்குள் நிறுத்திவைக்கிறது. இக்காவலுக்கு நாள்தோறும் புதிய கலங்கள் வேண்டும். புதிய கலங்களுக்குப் புரதமும் துத்தநாகமும் இரும்பும் உயிர்ச்சத்துகளும் வேண்டும். உண்ணும் உணவு குறையுமாயின் கலங்களின் எண்ணிக்கையும் ஆற்றலும் குறைகின்றன, காவல் தளர்கிறது, அடங்கிக் கிடந்த கோலுயிரி பெருகத் தொடங்குகிறது.

இத்தொடர்பு எண்ணால் அளக்கப்பட்டதாகும். பல நாடுகளில் பெருந்திரளான மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வுகளை ஒருங்குவைத்து 2010-இல் வெளியிடப்பட்ட தொகுப்பு, எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் அளவாகிய உடல் நிறைச் சுட்டு ஓர் அலகு உயருந்தோறும் என்புருக்கி நோயுறும் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. ஒழுங்கான இவ்விறக்கம், உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவு தற்செயலானதன்று என்பதை உணர்த்துகிறது.

ஊட்டக்குறைவு நோயை வரவழைப்பதுபோல், வந்த நோயும் ஊட்டக்குறைவை வளர்க்கிறது. அது மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, வரவு குறைதல்: எதிர்ப்புக் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறச் சுரக்கும் செய்திப் புரதங்கள் மூளையின் பசி நடுவத்தையும் தாக்குவதால் நோயர்க்குப் பசி மறைகிறது. இரண்டாவது, செலவு மிகுதல்: காய்ச்சலால் உடல்வெப்பம் ஒரு செல்சியசுப் பாகை உயர்ந்தாலும், உடல் சும்மாயிருக்கையில் செலவிடும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ கூடிவிடுகிறது. மூன்றாவது, ஆக்கம் தடைப்படுதல்: உண்ட புரதம் தசையாக மாறுவதற்கு மாறாக எரிபொருளாக எரிந்துபோகிறது. இதனை ஆக்கத்தடை எனலாம். செய்திப் புரதங்களுள் ஒன்றாகிய கழலை அழிப்புக் கூறு, தசையைக் கரைக்கும் இயல்புபற்றி மெலிவூக்கி என்னும் பொருள்பட மற்றொரு பெயரையும் முன்னர்ப் பெற்றிருந்தது. பின்னரே இரண்டும் ஒன்றெனத் தெளியப்பட்டது. வரவு குறைந்து, செலவு மிகுந்து, ஆக்கமும் தடைப்பட்ட உடல், அடுப்பெரிக்க விறகின்றி வீட்டின் உத்தரத்தையே வெட்டி எரிப்பார்போலத் தன் தசையையே தனக்கு உணவாக்கிக் கொள்கிறது. என்பு தெரிய உடல் உருகும் நோய் என்று முன்னோர் இதனைக் கண்டு பெயரிட்டதன் உள்ளமைப்பு இதுவே.

சென்னையும் சார்க்கண்டும்

உணவு வேண்டும் என்பது எளிய உண்மை. ஆயினும் அதன் இடம் எது என்பது எளிதில் தெளிந்ததன்று. மருந்துகள் தோன்றாத காலத்தில், நல்ல காற்றும் ஓய்வும் கொழுமையான உணவுமே மருத்துவமாக இருந்தன. அவற்றை அளிக்க ஊர்ப்புறத்தில் நலவகங்கள் எழுந்தன. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் அமைத்த நலவகம் அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே வழங்குகிறது. 1940-களில் இசுட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநயாசிடும் மருத்துவர் கைக்கு வந்தபின், படுக்கைக்கு இடமின்றிக் காத்திருக்கும் ஏழையரை என் செய்வது என்னும் கேள்வி பிறந்தது.

அக்கேள்விக்கு விடையளித்த நகரம் சென்னை. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் கூடி 1956-இல் இங்கு ஓர் ஆய்வு நடுவத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் இயங்குவது அதுவே. வாலசு பாக்சு என்னும் ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில், நகரின் ஏழை நோயர் 193 பேர் குலுக்கல் முறையால் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நலவகத்தில் ஓய்வோடும் நல்லுணவோடும், மற்றொரு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே வறிய உணவோடும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நலவகத்தார் மிகுதியாக எடை கூடினர். எனினும் கோலுயிரி நீங்கி நோய் தணிந்ததில் இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தே மருந்துண்டதால் வீட்டார்க்குத் தொற்று மிகுதியாகப் பரவவும் இல்லை. இதன்பின் உலகெங்கும் நலவகங்கள் படிப்படியாக மூடப்பட்டன; மருந்து வீட்டைத் தேடிச் சென்றது; கோடிக்கணக்கானோர் உயிர் பெற்றனர்.

இம்முடிவினின்று ஒரு பிழையான வழிமுடிவையும் பலர் எடுத்துக்கொண்டனர்: மருந்து இருப்பின் உணவு பொருட்டன்று என்பது அது. சென்னை ஆய்வு நிறுவியது, உணவு குறைந்தவர்க்கும் மருந்து பயன் தரும் என்பதையே. உணவு குறைந்தவர்க்கு வேறொன்றும் வேண்டா என்பதை அது நிறுவவில்லை. மருந்தைத் தொடங்க உணவுக்காகக் காத்திராதே என்பது அதன் பாடம். உணவை நீக்கிவிடு என்பது அதன் பாடமாகாது.

விடுபட்ட பாதியை நிறைவு செய்தது சார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நிகழ்ந்த பேராய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் துணையோடும், சென்னையிலுள்ள மேற்கூறிய நிறுவனத்தின் பங்கேற்போடும் இதனை நடத்தினர். நுரையீரல் நோயர் 2,800 பேர்க்குத் திங்கள்தோறும் 10 கிலோ எடையுள்ள உணவுக்கூடை வழங்கப்பட்டது. அரிசி, வறுத்த கடலைமாவு, பால்மாவு, எண்ணெய் ஆகியன அடங்கிய அக்கூடை, நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரி ஆற்றலையும் 52 கிராம் புரதத்தையும் வீட்டுணவுக்கு மேலாகத் தந்தது. நுண்ணூட்ட வில்லைகளும் உடன் தரப்பட்டன. நோயரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேருள், ஒரு பிரிவினர்க்கு ஆள்தோறும் திங்களுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்ணூட்ட வில்லைகளும் கிடைத்தன. மற்றொரு பிரிவினர் வழக்கமான உணவையே உண்டனர்.

2023 ஆகத்துத் திங்களில் இலான்செட்டு இதழ்க் குழுமத்தில் வெளியான முடிவுகள் இரண்டு. முதலாவது நோயரைப் பற்றியது: தொடக்கத்தில் ஐவரில் நால்வர்க்கு மேற்பட்டோர் எடை குன்றியவர்; முதல் இரு திங்களில் எடை 5 விழுக்காடு கூடியோர்க்கு, அவ்வாறு கூடாதோரைக் காட்டிலும் இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டாவது வீட்டாரைப் பற்றியது: உணவு பெற்ற வீட்டாருள் என்புருக்கி நோய் தோன்றுவது 39 விழுக்காடும், பிறர்க்குப் பரவத்தக்க நுரையீரல் நோய் தோன்றுவது 48 விழுக்காடும் குறைந்தன. அரிசியும் பருப்பும் ஒரு தொற்றுநோயைப் பாதியளவு தடுத்த இச்செய்தி, தடுப்பூசி ஒன்றின் வெற்றியோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. சென்னையும் சார்க்கண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. கோலுயிரியை மருந்து வெல்லும் என்பதை முன்னது நிறுவியது. அவ்வெற்றியைக் காணும்வரை உடலை உயிரோடு நிறுத்துவதும், அடுத்தவரைக் காப்பதும் உணவு என்பதைப் பின்னது நிறுவியது.

அளத்தல்

ஊட்டத் துணையின் முதல் உறுப்பு அளத்தல். இதற்கு வேண்டிய கருவிகள் எடைக்கருவியும் உயர அளவுகோலுமே. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் ஈவு உடல் நிறைச் சுட்டு எனப்படும். அச்சுட்டு 18.5-க்குக் கீழாயின் ஊட்டக்குறைவு. 17-க்குக் கீழாயின் இடைநிலைக் குறைவு. 16-க்குக் கீழாயின் கடுங்குறைவு. 1.60 மீட்டர் உயரமும் 41 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரத்தின் இருமடி 2.56, ஈவு 16. அவர் கடுங்குறைவின் விளிம்பில் நிற்கிறார். சுட்டு 18.5-ஐ எட்ட அவர் 47 கிலோவைத் தாண்டவேண்டும். 21 என்னும் நன்னிலையை எட்ட 54 கிலோ ஆகவேண்டும். அவர்க்கும் நலத்துக்கும் இடையிலுள்ள தொலைவு 13 கிலோ என்பது இப்போது தெளிவாகிறது. அளக்கப்படாதவரை அவர் மெலிந்தவர் மட்டுமே; அளக்கப்பட்டபின் அவர்க்கு ஓர் இலக்கு உண்டு.

எண்ணோடு சில குறிகளையும் நோக்கவேண்டும். இரு கால்களிலும் விரலால் அழுத்தினால் குழிவிழும் வீக்கம், துணையின்றி நிற்கமாட்டாமை, கடந்த சில திங்களில் இழந்த எடை, குருதிச்சோகை, நீரிழிவு, குடிப்பழக்கம் ஆகியன அவை. வீக்கத்தில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டி மெலிவை மறைக்கும் ஆதலின், எண்ணை மட்டும் நம்புதல் கூடாது.

தமிழ்நாடு இவ்வளவையை உயிர்காக்கும் கருவியாகவே ஆக்கியது. 2022 ஏப்பிரல் திங்களில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்ட அன்றே ஒவ்வொருவரையும் மூன்று கூறுகளால் வகைப்படுத்துமாறு பணிக்கிறது. உடல் நிறைச் சுட்டு 14-உம் அதற்குக் கீழுமாதல், அல்லது 16-க்குள் இருந்து இரு காலும் வீங்கியிருத்தல் ஒன்று. மூச்சு நிமையத்துக்கு 24-க்கு மேலாகவோ குருதியின் உயிர்வளி நிறைவு 94 விழுக்காட்டுக்குக் கீழாகவோ இருத்தல் மற்றொன்று. துணையின்றி நிற்க இயலாமை மூன்றாவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் அவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர். ஊட்டக்குறைவை மூச்சுத்திணறலுக்கு நிகரான உயிரிடராக ஓர் அரசுத் திட்டம் ஏற்றுக்கொண்டமை, மருத்துவ வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்வாகும்.

வகுத்தல்

இரண்டாம் உறுப்பு வகுத்தல். உணவின் கூறுகளைப் பேரூட்டம், நுண்ணூட்டம் என இரண்டாகப் பகுப்பர். மாப்பொருள், புரதம், கொழுப்பு மூன்றும் கிராம் கணக்கில் வேண்டப்படுவதால் பேரூட்டம். உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் மில்லிகிராம் கணக்கிலும் அதனினும் குறைந்தும் வேண்டப்படுவதால் நுண்ணூட்டம். எடை குன்றிய நோயர்க்கு, அவர் அடையவேண்டிய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 கிலோகலோரி ஆற்றலும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது இந்திய வழிகாட்டு நெறி. 41 கிலோ எடையுள்ள மேற்கூறியவர்க்கு இலக்கு எடை 54 கிலோ ஆதலின், ஆற்றல் 2,160 கிலோகலோரி. புரதம் 65 முதல் 81 கிராம் வரை.

இவ்வெண்கள் தட்டில் எவ்வாறு அமையும் என்பதைக் காண்போம். நாள் முழுமைக்கும் அரிசி 275 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், துவரம்பருப்பு 75 கிராம், நிலக்கடலை 40 கிராம், முட்டை இரண்டு, பால் 250 மில்லிலிட்டர், எண்ணெய் 25 கிராம், இவற்றோடு கீரையும் காயும் ஒரு பழமும். இதன் கூட்டு ஏறத்தாழ 2,150 கிலோகலோரிக்குச் சற்று மேலும், புரதம் 70 கிராமுக்கு மேலும் ஆகிறது. விடியலில் பால், காலையில் கேழ்வரகுக் கூழும் முட்டையும், நண்பகலில் சோறும் கெட்டிப் பருப்பும் கீரைப் பொரியலும், மாலையில் வேகவைத்த நிலக்கடலை, இரவில் பருப்புச் சோறும் முட்டையும் என இது பகுக்கப்படலாம். முட்டை உண்ணாதார்க்கு இன்னொரு கைப்பிடி நிலக்கடலையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் அவ்விடத்தை நிரப்பும். அரிசியில் குறையும் இலைசீன் என்னும் அமினோக்காடியைப் பருப்பு நிரப்ப, பருப்பில் குறையும் கந்தக அமினோக்காடிகளை அரிசி நிரப்புதலால், சோறும் பருப்பும் கூடிய தட்டில் புரதத்தின் தரம் உயர்கிறது. விலைமிக்க மாவுப் புட்டிகளை நாடாமல், ஊர்க்கடையிலும் நியாயவிலைக் கடையிலும் கிடைக்கும் பொருள்களாலேயே இவ்வளவு நிறைவு கூடுமென்பது நோயர்க்கும் அவர் வீட்டார்க்கும் முதலில் சொல்லத்தக்க செய்தி.

நோயின் தொடக்கத்தில் பசியே இராது. அப்போது அளவைக் கூட்டாமல் செறிவைக் கூட்டவேண்டும்: சிறுசிறு அளவாக ஆறு வேளை, கூழில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், கஞ்சியில் பொடித்த நிலக்கடலை, வெறும் நீர்க்கஞ்சிக்கு மாற்றாகப் பாசிப்பருப்பு கலந்த கஞ்சி. ஒரு கிராம் மாப்பொருளும் ஒரு கிராம் புரதமும் நான்கு கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது தருவதே இதன் அடிப்படை.

நுண்ணூட்டங்களில் நடுவுநிலை வேண்டும். நாள்தோறும் உடலுக்கு வேண்டும் என வகுக்கப்பட்ட அளவில் அவற்றைத் தருவது நன்று. அதனை மிஞ்சிய அளவில் உயிர்ச்சத்து வில்லைகளை அள்ளித் தருவதால் நோய் விரைந்து தணியும் என்பதற்குச் சான்று இல்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஊட்டநெறி நூலும் இதனையே வற்புறுத்துகிறது. சோறு குறைந்தவர்க்கு வில்லை ஈடாகாது.

மருந்துக்கும் உணவுக்கும் உள்ள ஒத்திசைவும் வகுத்தலில் அடங்கும். முதல் இரு திங்கள் ஐசோநயாசிடு, இரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கும், அடுத்த நான்கு திங்கள் பைரசினமைடு நீங்கிய மூன்றும் கொள்வது இந்தியாவில் வழக்கமான முறை. இரிபாம்பிசினும் ஐசோநயாசிடும் வெறும் வயிற்றில் நன்கு உறிஞ்சப்படுவன. ஆயினும் குமட்டல் மிகுந்து மருந்தையே விடும் நிலை வருமாயின், சிறிதளவு உணவோடு கொள்ளச் செய்வதே அறிவுடைமை. ஐசோநயாசிடு, பைரிடாக்சின் எனப்படும் உயிர்ச்சத்து பி6-இன் செயலைத் தடுத்துக் கைகால்களில் எரிச்சலையும் மரமரப்பையும் உண்டாக்கும்; எனவே அவ்வுயிர்ச்சத்து உடன் தரப்படுகிறது. மருந்தெதிர்ப்பு நோய்க்குத் தரப்படும் புளூரோகுயினோலோன் வகை மருந்துகளைப் பாலோடும் சுண்ணம், இரும்பு வில்லைகளோடும் சேர்த்து உண்டால் அவை குடலில் பிணைந்து பயனிழக்கும்; இடையே சில மணி நேரம் விடவேண்டும். மதுவோ, இம்மருந்துகளால் முன்னமே சுமையேறிய கல்லீரலை மேலும் சிதைக்கும்.

கடற்கரை மக்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஐசோநயாசிடு உண்போர் சிலர்க்குச் சூரை மீன் உண்டவுடன் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தலை இலங்கை மருத்துவர்கள் 1970-களில் கண்டு எழுதிவைத்தனர். பனிக்கட்டியில் உடனே இடப்படாத சூரை போன்ற மீன்களில் இசுட்டமின் என்னும் பொருள் மிகுதியாக விளைகிறது; சமைத்தாலும் அது அழிவதில்லை; உடலில் அதனைச் சிதைக்கும் நொதியை ஐசோநயாசிடு தடுப்பதால் அது குருதியில் தேங்குகிறது. மீன் சிறந்த புரத உணவாதலின் அதனை அறவே விலக்குதல் வேண்டா. சூரையைத் தவிர்த்து, புதியனவாகப் பிடித்த பிற மீன்களை உண்ணலாம்.

அளித்தல்

மூன்றாம் உறுப்பு அளித்தல். இதில் விரைவும் பொறுமையும் ஒருங்கே வேண்டும். நெடுநாள் பட்டினியில் வற்றிய உடலுக்குத் திடீரென நிறைய உணவளிப்பின், மாப்பொருளை ஏற்கச் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள பாசுபேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைக் கலங்களுக்குள் இழுத்துக்கொள்ள, குருதியில் அவை வீழ்ந்து நெஞ்சத் துடிப்பே தடுமாறக்கூடும். இதனை மீளூட்ட இடர் என்போம். எனவே சுட்டு மிகத் தாழ்ந்தோர்க்கு மருத்துவமனைக் காப்பில், தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1-ஐ முன்னதாகத் தந்து, சிற்றளவில் தொடங்கி, நாட்கணக்கில் படிப்படியாக உயர்த்தவேண்டும். பிறர்க்கோ முதல் நாளிலிருந்தே முழு உணவு தொடங்கலாம்.

நீரிழிவு உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. அவருள் எடை குன்றியோர், இனிப்புக்கு அஞ்சி உணவையே குறைத்துக்கொள்ளும் தவற்றைச் செய்தல் கூடாது. தீட்டாத தானியமும் பயறும் நிலக்கடலையும் கொண்டு ஆற்றலை நிறைத்து, குருதி இனிப்பை மருந்தால் அடக்குவதே முறை. கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாயர்க்கும் மேற்கூறிய அளவுகளுக்கு மேலும் உணவு கூட்டப்படவேண்டும்.

அளித்தலின் பொருளியலை எண்ணாது விடுதல் இயலாது. இந்திய அரசு 2018 ஏப்பிரல் முதல் ஒவ்வொரு நோயர்க்கும் மருத்துவக் காலம் முழுதும் திங்களுக்கு 500 உரூபாய் ஊட்டத்தொகை வழங்கியது. 2024 நவம்பர் முதல் அதனை 1,000 உரூபாயாக உயர்த்தியது. தன்னார்வலர் முன்வந்து உணவுக்கூடை வழங்கும் ஏற்பாடும் 2022 முதல் நடைபெறுகிறது. ஆயிரம் உரூபாய் என்பது நாளொன்றுக்கு 33 உரூபாய். முட்டைக்கும் பாலுக்கும் அது உதவும். நாள் உணவு முழுமைக்கும் அது போதாது. மேலும், நாட்கூலியால் வாழும் ஒருவர் நோயுறும்போது, கூலி நின்று வீட்டின் உலையே சுருங்குகிறது. ஒரே உலையில் வெந்த சோற்றை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்பது நம் வாழ்முறை. தாய் தன் பங்கை மக்கட்குத் தருவாள் என்பதை எந்தக் கணக்கும் தடுக்கவியலாது. நோயர்க்கு மட்டும் அளந்து தந்த உணவு வீடு முழுதும் பரந்து மெலியும். ஆதலின் நோயர்க்கு ஒரு பங்கு, வீட்டார்க்கு ஆள்தோறும் ஒரு பங்கு எனச் சார்க்கண்டு ஆய்வு வகுத்த முறை அறிவியலோடும் அறத்தோடும் ஒருங்கே பொருந்துவதாகும்.

மீள அளத்தல்

நான்காம் உறுப்பு மீள அளத்தல். திங்கள்தோறும் மருந்து பெற வரும் நாளில், செருப்பைக் கழற்றி, பையை இறக்கி, அதே எடைக்கருவியில் ஏற்றி, கண்ட எடையை அட்டையில் எழுதவேண்டும். 41 கிலோவில் தொடங்கியவர் இரண்டாம் திங்களின் இறுதியில் 43 கிலோவை எட்டினால், ஏறத்தாழ ஐந்து விழுக்காடு கூடியதாகப் பொருள். உயிரிடர் பெரிதும் குறைந்தது என்று உறுதிகொள்ளலாம். எடை கூடவில்லையாயின் அது வினா எழுப்பும் குறி: உணவு கிடைக்கவில்லையா, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படவில்லையா, கோலுயிரி மருந்துக்கு அடங்காததா, நீரிழிவு மறைந்திருக்கிறதா என நான்கையும் அடுத்தடுத்து ஆராயவேண்டும். சளி ஆய்வு கோலுயிரியின் நிலையை உரைக்க, எடைக்கருவி உடலின் நிலையை உரைக்கிறது. மருந்தின் அளவும் எடையையே பற்றி நிற்கிறது: 35 முதல் 49 கிலோ வரையிலானோர்க்கு நாளொன்றுக்கு மூன்று கூட்டுவில்லைகள், 50 முதல் 64 வரையிலானோர்க்கு நான்கு. எடை கூடி அடுத்த படிக்கு உயர்ந்தவர்க்கு வில்லையின் எண்ணிக்கையை மறுபடியும் மதிப்பிடவேண்டும். ஊட்டமும் மருந்தும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதை இது காட்டுகிறது.

இவ்வறிவு முழுவதும் நோயரைச் சென்றடைந்தாலன்றிப் பயனில்லை. மருந்தை மருத்துவர் எழுதலாம். உணவை ஆக்குவதும் உண்பதும் நோயர் வீட்டிலேயே நிகழ்கின்றன. உடல் நிறைச் சுட்டு, ஆக்கத்தடை, நுண்ணூட்டம், மீளூட்ட இடர் என்னும் கருத்துகளை அவர்தம் மொழியில் அவர்க்கு விளங்கவைக்கும் கடமை நம்முடையது. அதனைக் குறைவின்றி ஆற்றும் வளம் தமிழுக்கு உண்டு. நலவாழ்வு நடுவங்களில் தரப்படும் மருத்துவ அட்டைகளில் உயரமும், இலக்கு எடையும், திங்கள்தோறும் கண்ட எடையும், நாளுக்குரிய உணவின் அளவும் தெளிந்த தமிழில் இடம்பெறுமாயின், எழுத்தறிந்த ஒரு பள்ளிச் சிறுமியே தன் தந்தையின் ஊட்டத்தைக் கண்காணிக்க வல்லவளாவாள்.

இன்றைய நடைமுறையில், ஆறு திங்கள் மருந்துண்டு, இறுதி ஆய்வில் சளியில் கோலுயிரி இல்லையெனக் கண்டால் நோய் நீங்கிற்று என்று எழுதிப் பெயரைப் பதிவேட்டினின்று நீக்கிவிடுகிறோம். 41 கிலோவில் வந்தவர் 43 கிலோவோடு வெளியேறினாலும் பதிவேட்டுக்கு அது வெற்றியே. அவரோ அதே மெலிவோடு அதே கூலிவேலைக்கும் அதே நெருக்கடி வீட்டுக்கும் திரும்புகிறார். நோய் மீள்வதற்கு ஏற்ற நிலையும் அவரோடு திரும்புகிறது. ஆகவே மருத்துவம் நிறைவுற்றது என்பதற்குரிய அளவுகோலை விரிவாக்குதல் வேண்டும். கோலுயிரி நீங்கியமை ஒன்று, உடல் நிறைச் சுட்டு 18.5-ஐத் தாண்டியமை மற்றொன்று என இரண்டும் கூடியபோதே நோயரின் பெயருக்கு எதிரே நலம் பெற்றார் என்று எழுதும் முறை வரவேண்டும். அதுவரை மருந்து நின்றாலும் உணவு நிற்றல் கூடாது.